ஊமைச் சிரிப்புப் படங்களைச் சேர்த்து வைப்பது ஏன்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள நம் தோழர்கள் சிலர் சமீப காலமாய் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டு வருகின்றார்கள். அதாவது, மேல்நாடுகளில் நூறு வருஷத்துக்கு முந்திய பேசாத சிரிப்புப் படங்களின் பிலிம் சுருள்களைத் தேடித் தேடி, சந்தையிலும் ஏலத்திலும் பணத்தைக் கொட்டி வாங்கி, வீட்டில் அடுக்கி வைத்துக் கொள்ளும் ஒரு கூட்டம் இருக்கின்றதாமே, அப்படங்களில் பெரும்பாலானவை செல்போனில் காசில்லாமலே கிடைக்கின்ற இந்தக் காலத்தில் இதென்ன பைத்தியம், பல்லையும் ரோமத்தையும் பேழையில் வைத்துக் கும்பிடுகின்றவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் அந்தக் கேள்வி.

கேள்வி நியாயமானதே. எதையும் பழசு என்கின்ற ஒரே காரணத்துக்காகப் போற்றக் கூடாது என்று ஊர் ஊராய்ப் போய்ச் சொல்லிக் கொண்டிருக்கின்ற நாம், பழைய பிலிம் சுருளுக்கு மாத்திரம் விலக்குக் கொடுத்துவிட முடியாது. பழைய பிலிமானாலும் சரி, பழைய புராணமானாலும் சரி, அதனால் இன்றைக்கு மனிதனுக்கு என்ன பயன் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்டுப் பார்த்ததில், இந்தச் சேகரிப்புக்காரர்களில் ஒரு சாராரிடம் நம்மவர்கள் கற்றுக் கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கின்றது என்றே நமக்குப் படுகின்றது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

முதலாவது, இந்தப் படங்கள் எப்படிப்பட்டவை என்பதைப் பார்ப்போம். 1895-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக் கொண்டு சலனப்படம் காட்டினார்களே, அன்று காட்டிய துண்டுப் படங்களிலேயே ஒன்று சிரிப்புப் படம். தோட்டக்காரன் ஒருவன் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விடுகின்றான். பின்னால் வந்த பொடியன் ஒருவன் குழாயை மிதிக்கின்றான். தண்ணீர் நின்று போகின்றது. என்ன சங்கதி என்று தோட்டக்காரன் குழாயின் வாயை முகத்துக்கு நேரே பிடித்து உற்றுப் பார்க்கின்றான். பையன் காலை எடுக்கின்றான். அவ்வளவுதான் கதை. முழுசாய் ஒரு நிமிஷம் கூட ஓடாது. இதைப் புரிந்து கொள்வதற்குப் பிரஞ்சு தெரிய வேண்டியதில்லை. தமிழ் தெரிய வேண்டியதில்லை. அட்சரம் தெரிய வேண்டியதில்லை. எந்தச் சாஸ்திரத்தையும் நம்ப வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்.

இதற்குப் பிறகு பிரான்சில் மாக்ஸ் லிண்டர் வந்தார். 1914-ல் அமெரிக்காவில் சார்லி சாப்ளின் படத்துக்கு வந்தார். பஸ்டர் கீட்டன், ஹெரால்டு லாயிட், லாரலும் ஹார்டியும் என்று வரிசையாய் வந்தார்கள். இவர்கள் படங்களில் கீழே விழுகிறவன் யார் என்று பாருங்கள். தடியைச் சுழற்றிக் கொண்டு வரும் போலீஸ்காரன் விழுவான். தொந்தி தள்ளிய பணக்காரன் விழுவான். கிழிந்த சட்டைக்காரன்தான் கடைசியில் தூசியைத் தட்டிக் கொண்டு எழுந்து நடப்பான். 1917-ல் சாப்ளின் எடுத்த "தி இமிகிரண்ட்" என்ற படத்தில், பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்த ஏழைகளைச் சுதந்திர தேவி சிலை தெரியும் நேரத்தில் கயிறு கட்டி ஓரந்தள்ளுகின்றார்கள். அங்கே ஓர் அதிகாரிக்குப் பின்புறத்தில் ஓர் உதை விழுகின்றது. 1923-ல் அவரே எடுத்த "தி பில்கிரிம்" படத்தில் ஜெயிலிலிருந்து தப்பி ஓடியவன் ஒரு பாதிரியின் அங்கியைத் திருடிப் போட்டுக் கொள்கின்றான். உடனே ஓர் ஊரே அவனைப் பாதிரி என்று வரவேற்றுக் கோயிலுக்கு அழைத்துக் கொண்டு போய்ப் பிரசங்கம் செய்யச் சொல்கின்றது. அங்கி மாறினால் கைதி குருவாகி விடுகின்றான் என்பதை ஒரு வார்த்தை பேசாமல் ஓர் ஆள் நடித்துக் காட்டிவிட்டான். நாம் மூன்று மணி நேரம் தொண்டை கிழியப் பேசினாலும் இவ்வளவு சுலபமாய் ஏறுமா என்பது சந்தேகம்!

நம் நாட்டில் ஊமைப்படம் ஓடிய காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது. ஆதலால் படத்துக்கு நடுவே எழுத்து அட்டை வந்தால், திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று உரக்கப் படித்துக் கதை சொல்லுவார். புராணப் படத்துக்கு இவர் இல்லாமல் முடியாது. இது இன்ன சாபம், இது இன்ன வரம், இவர் இன்னாருடைய இன்ன அவதாரம் என்று அவர் சொன்னால்தான் ஜனங்களுக்கு விளங்கும். சிரிப்புப் படம் வந்தாலோ அவருக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. பாமர ஜனங்கள் இடைத்தரகர் இல்லாமல் தாங்களாகவே பார்த்துத் தாங்களாகவே புரிந்து கொண்ட கலை இது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது. பேச்சாலேயே ஜனங்களைக் கட்டிப் போட்ட சிவாஜி கணேசன் 1928-ல் பிறந்தது இந்த விழுப்புரத்தில்தான். அந்த ஊரில் உட்கார்ந்து கொண்டு பேசாத படத்துக்கு வக்காலத்து வாங்குகின்றோமே என்று தோழர்கள் கோபித்துக் கொள்ள வேண்டாம். பேச்சின் அருமை தெரிந்தவர்களுக்குத்தான் பேசாமல் சொல்வதன் அருமையும் தெரியும்.

நிற்க. சேகரிப்பு என்பது ஏதோ வெள்ளைக்காரன் வீட்டு வழக்கம் என்று எண்ணுகின்றவர்களுக்கு ஒரு சங்கதியை ஞாபகமூட்டுகின்றோம். 1980-களில் நாமும் நம் வயதுப் பையன்களும் சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் ஆப்பரேட்டர் வெட்டிப் போட்ட பிலிம் துண்டுகளைப் பொறுக்காத நாள் உண்டா? பெட்டிக்கடையில் காசு கொடுத்து வாங்கியதும், கோலிக்குண்டுக்கு மாற்றிக் கொண்டதும், எம். ஜி. ஆர். துண்டு ஒன்றுக்கு வேறு துண்டு மூன்று என்று வியாபாரம் பேசியதும் நம்மில் யாருக்குத்தான் மறந்து போகும்? ஃபியூஸ் போன பல்பின் அடிப்பாகத்தைப் பக்குவமாய்த் தட்டி எடுத்து, உள்ளே தண்ணீரை நிரப்பி, ஜன்னலை அடைத்த வீட்டில் கதவிடுக்கு வழியாய் வெளியிலிருந்து கண்ணாடியால் வெய்யிலைத் திருப்பி விட்டு, பல்புக்கு முன்னால் பிலிமைத் தலைகீழாய்ப் பிடித்தால், எதிரே கட்டின வேட்டியில் படம் நிமிர்ந்து விழும். பிலிமை ஏன் தலைகீழாய்ப் பிடிக்க வேண்டும் என்று எந்த வாத்தியாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பிடித்துப் பார்த்துத்தான் தெரிந்து கொண்டோம்.

அதைவிட முக்கியமான இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. கதாநாயகன் ஆகாயத்தில் எழும்பி நாலு பேரை உதைக்கின்ற சண்டைத் துண்டு ஒன்று கையில் கிடைத்தது. கொட்டகையில் அதைப் பார்த்தபோது விசில் அடித்தவர்கள்தான் நாம். அதையே வெளிச்சத்தில் பிடித்துக் கட்டம் கட்டமாய்ப் பார்த்தால், முதல் இரண்டு கட்டத்தில் கதாநாயகன் இருக்கின்றார். மூன்றாவது கட்டத்தில் அதே சட்டை, ஆனால் ஆள் வேறு! "டூப்" என்ற வார்த்தை அன்றைக்கு நமக்குத் தெரியாது. ஆனால் சங்கதி தெரிந்துவிட்டது. தெரிந்ததனால் அந்தப் படத்தின்மேல் வெறுப்பு வந்ததா என்றால், அதுவும் இல்லை. பேர் தெரியாத அந்த ஆளின்மேல் மரியாதைதான் வந்தது.

நமது கருத்து என்னவென்றால், ஊமைச் சிரிப்புப் படங்களைச் சேகரிக்கிறவர்களில் யோக்கியமானவர்களை இழுக்கின்ற காந்தம் இதுதான் என்பதே. பிலிம் என்பது கையில் பிடித்துப் பார்க்கக் கூடிய சாட்சி. எப்படிச் செய்தான், எங்கே ஒட்டினான், எந்த இடத்தில் காமிராவை நிறுத்தினான் என்று எண்ணிப் பார்க்கலாம். 1928-ல் வந்த "ஸ்டீம்போட் பில் ஜூனியர்" படத்தில், புயற்காற்றில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுவதும் பெயர்ந்து பஸ்டர் கீட்டன் மேல் விழுகின்றது. மாடி ஜன்னல் திறப்பு சரியாய் அவர் நிற்கும் இடத்தில் வந்து விழுவதால் அவர் தப்பி நிற்கின்றார். இதில் மந்திரம் இல்லை, தந்திரக் காமிராவும் இல்லை. டன் கணக்கில் எடையுள்ள சுவர் உண்மையிலேயே விழுந்தது. அளந்து, குறி போட்டு, கால் நகராமல் ஒரு மனிதன் நின்றான். கணக்கு சில அங்குலம் தப்பியிருந்தால் ஆள் இல்லை. 1924-ல் எடுத்த "ஷெர்லாக் ஜூனியர்" படத்தில் ரயில் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர் அவரைத் தண்டவாளத்தில் அடித்துப் போட்டதில் கழுத்தெலும்பு முறிந்ததையும், அது அவருக்கே பல வருஷம் கழித்து டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது என்பதையும் கேட்டால், சிரித்த வாய் மூடிக் கொள்கின்றது.

இதன் பக்கத்தில் நம் நாட்டுப் படத்தை வைத்துப் பாருங்கள். 1917-ல் பால்கே எடுத்த "லங்கா தகனம்" ஓடியபோது, திரையில் இராமர் வந்ததும் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்களாம். அந்த இராமராய் நடித்தவர் சாலுங்கே என்பவர். அதே படத்தில் சீதையாய் நடித்தவரும் அதே சாலுங்கேதான்! அதற்கு முன் பம்பாயில் ஓர் ஓட்டலில் சமையல் வேலை செய்து கொண்டிருந்தவர் அவர். உழைத்துப் பிழைத்த அவரை நாம் குறை சொல்லவில்லை. ஓர் ஆளே புருஷனுமாய்ப் பெண்சாதியுமாய் நின்றால், அந்தத் திறமைக்குக் கை தட்டாமல் கன்னத்தில் போட்டுக் கொண்டார்களே, அதைத்தான் சொல்லுகின்றோம். பால்கே என்னவோ நேர்மையான தொழிலாளி. அதே 1917-ல் சினிமா எப்படித் தயாராகின்றது என்று காட்டுவதற்கே ஒரு குறும்படம் எடுத்தவர். தந்திரத்தைச் செய்தவன் ஒளிக்கவில்லை. பார்த்தவன்தான் தெரிந்து கொள்ள மறுத்தான். கும்பிடுகிறவன் பிலிமைப் பிரித்துப் பார்க்க மாட்டான். எப்படி என்று கேட்கிறவன்தான் பார்ப்பான்.

இனி, இந்தப் படங்கள் பிழைத்த கதை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, அந்நாட்டில் எடுத்த சுமார் 11,000 முழுநீள ஊமைப் படங்களில் நூற்றுக்கு எழுபது பங்கு அடியோடு தொலைந்துவிட்டது. வெளிவந்த உருவத்திலேயே முழுதாய் மிஞ்சியவை நூற்றுக்குப் பதினான்குதான். பேசும் படம் வந்ததும் ஊமைப்படம் குப்பையாயிற்று. பிலிமிலுள்ள வெள்ளிக்காக உருக்கினார்கள். வைக்க இடமில்லை என்று கொளுத்தினார்கள். நைட்ரேட் பிலிம் என்பது தானாகவே தீப்பிடிக்கக் கூடியது, பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரிவது. ஹெரால்டு லாயிட் தம் படங்களைத் தாமே பத்திரமாய் வைத்திருந்தும், 1943-ல் அவர் வீட்டுக் கிட்டங்கி பற்றிக் கொண்டு பல படங்கள் சாம்பலாயின.

ஆனால் சின்னச் சிரிப்புப் படங்களில் பல எப்படிப் பிழைத்தன தெரியுமா? எந்த அரசாங்கமும் காப்பாற்றவில்லை. 1922-ல் பிரான்சில் பாத்தே கம்பெனியார் ஒன்பதரை மில்லிமீட்டர் அகலப் பிலிமும், 1923-ல் கோடக் கம்பெனியார் தீப்பிடிக்காத பதினாறு மில்லிமீட்டர் பிலிமும் கொண்டு வந்து, வீட்டுக்குள்ளேயே படம் ஓட்டும் சிறு யந்திரங்களை விற்றார்கள். அதில் போட்டுப் பார்க்க என்ன வாங்குவான் குடும்பஸ்தன்? பிள்ளை குட்டிகள் சிரிக்கின்ற படத்தைத்தான் வாங்குவான். பிறந்த நாளுக்கு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டான். பெரிய கம்பெனிகளின் கிட்டங்கிகள் எரிந்து போயின. குடும்பஸ்தன் பரண் எரியவில்லை. அதனால்தான் 2009-ல் அமெரிக்காவில் மிச்சிகனில் ஒரு பழம்பொருள் விற்பனையில் கிடைத்த பதினாறு மில்லிமீட்டர் சுருள் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது, "எ தீஃப் கேச்சர்" என்ற 1914-ம் வருஷத்துப் படமும், அதில் போலீஸ்காரன் வேஷத்தில் சாப்ளினும் இருக்கக் கண்டார்கள். அவர் அதில் நடித்தார் என்பதே அதுவரை நிச்சயமில்லாமல் இருந்தது! லாரலும் ஹார்டியும் 1927-ல் ஆயிரக்கணக்கான பலகாரங்களை ஒருவர் முகத்தில் ஒருவர் வீசி நடித்த "தி பாட்டில் ஆஃப் தி செஞ்சுரி" படத்தின் இரண்டாம் சுருள் பல பத்து வருஷம் முழுதாய்க் கிடைக்காமல் இருந்து, 2015-ல் காலமாகிவிட்ட ஒரு சேகரிப்புக்காரரின் பெட்டிகளிலிருந்து வெளிவந்தது. கனடாவில் டாசன் என்ற பனிப் பிரதேசத்து ஊரில், நீச்சல் குளத்தைத் தூர்க்கக் கொட்டியிருந்த 533 சுருள்கள் 1978-ல் மண் தோண்டும்போது அகப்பட்டன. கேட்பாரற்றுப் போன இடத்தில்தான் சரித்திரம் மிஞ்சியது.

இனி நம் கதைக்கு வருவோம். சொல்லவே வெட்கமாயிருக்கின்றது. 1905-ல் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரஞ்சுக்காரரிடம் யந்திரத்தையும் படங்களையும் வாங்கிக் கொண்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராய்ப் படம் காட்டினார். சென்னையில் நடராஜ முதலியார் "கீசக வதம்" எடுத்தார். தென்னிந்தியாவில் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் என்று பேர் பெற்ற அது எங்கே? ஓர் அடி பிலிம் கூட இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்" எங்கே? அதுவும் இல்லை. இந்தியா முழுவதும் எடுத்த ஊமைப்படங்கள் 1,300-க்கு மேல் என்கின்றார்கள். மிஞ்சியவை, துண்டு துணுக்குகளையும் சேர்த்து, 30 அளவில்தான் என்கின்றார்கள். தென்னாட்டு ஊமைப்படம் என்று முழுசாய்ப் பார்க்கக் கிடைப்பது 1933-ல் சுந்தர்ராஜ் என்பவர் தயாரித்த "மார்த்தாண்ட வர்மா" ஒன்றே. அது பிழைத்த விதம்தான் வேடிக்கை. கதைப் புத்தகத்தின் உரிமை பற்றிப் பதிப்பாளர் வழக்குப் போட்டுப் படத்தைப் பறிமுதல் செய்ததால், அது ஓடித் தேயாமல், வெள்ளிக்கு உருகாமல், மூலையில் கிடந்து 1974-ல் புனே காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. கோர்ட்டு வழக்கினால் பிழைத்த சொத்து உலகத்திலேயே இது ஒன்றாய்த்தான் இருக்கும்!

சிரிப்புப் படங்களும் நம் நாட்டில் எடுக்கப்படாமல் இல்லை. 1921-ல் வங்காளத்தில் திரேந்திரநாத் கங்கூலி "பிலாத் பெராத்" என்ற படத்தில், சீமைக்குப் போய்த் திரும்பியவனின் டம்பத்தையும் அவன் வீட்டுப் பெரியவர்களின் வைதிகத்தையும் சேர்த்துக் கிண்டல் செய்தார். 1931-ல் காளிபத தாஸ் எடுத்த "ஜமாய் பாபு"வில் பட்டிக்காட்டு மாப்பிள்ளை ஒருவன் கல்கத்தாவுக்கு வந்து திண்டாடுகின்றான். இந்தப் படம் நல்ல வேளையாய் இன்றும் இருக்கின்றது. அன்றைய கல்கத்தாத் தெருக்களும் டிராம் வண்டியும் அந்தச் சிரிப்போடு கூடவே பிழைத்திருக்கின்றன. அதே காலத்துச் சென்னைத் தெருவை, விழுப்புரம் ஜங்ஷனை, திண்டிவனம் கடைவீதியை எந்தப் பட்டிக்காட்டு மாப்பிள்ளையாவது இடறி விழுந்து நமக்குக் காட்டியிருந்தால் எப்படி இருக்கும்!

1927-ல் வெள்ளைக்கார சர்க்கார் சென்னை வக்கீல் ரங்காச்சாரியாரைத் தலைவராய்ப் போட்டு ஒரு சினிமா விசாரணைக் கமிட்டி வைத்தது. அவர் ஊர் ஊராய்ப் போய் எடுத்த சாட்சியங்கள் பெரிய பெரிய பாகங்களாய் அச்சாகி இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. படத்தைப் பற்றிக் கனவான்கள் சொன்ன அபிப்பிராயம் பத்திரமாய் இருக்கின்றது. படந்தான் இல்லை!

இதற்கெல்லாம் சர்க்காரை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை. சர்க்கார் 1964-ல்தான் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்படுத்திற்று. அங்கே பி. கே. நாயர் என்ற ஒருவர் பெட்டி பெட்டியாய்த் தேடி அலைந்து சேர்த்ததனால்தான் பால்கேயின் படத்தில் மிஞ்சிய சுருள்களாவது இன்று இருக்கின்றன. அப்படிச் சேர்த்தும், 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் பிலிம் வைத்திருந்த கிட்டங்கி தீப்பிடித்து எரிந்தது. தமிழ்நாட்டிலோ கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், பிறர் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டதையெல்லாம், சினிமாப் பாட்டுப் புத்தகமும் நோட்டீசும் உட்பட, வாங்கி வாங்கி வீட்டை நிரப்பினார். அவரையும் ஊரார் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ சர்வகலாசாலை அதன் மதிப்பை உணர்ந்து முன் வந்ததால், 1994-ல் சென்னையில் அது நூலகமாயிற்று. நம் வீட்டுப் பரணிலுள்ளதன் விலையை நமக்குச் சொல்லச் சிகாகோவிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கின்றது.

இவ்வளவு சொன்னதனால் சேகரிக்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நாம் சர்டிபிகேட் கொடுத்ததாய் யாரும் எண்ணிவிட வேண்டாம். சாப்ளின் வைத்திருந்த தொப்பி, சாப்ளின் பிடித்த பிரம்பு என்று லட்சக்கணக்கில் ஏலம் கேட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மெய்சிலிர்க்கிறவனும் உண்டு. அவனுக்கும் பேழைக்கு முன் நிற்கிறவனுக்கும் உள்ள பேதம் நமக்குப் புலப்படவில்லை. தோழர்கள் கேட்ட கேள்வி இவனுக்குச் சரியாய்ப் பொருந்தும். இன்னொருவன், உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத சுருள் தன்னிடம் இருக்கின்றது என்பதையே ஆஸ்தியாய் நினைத்து, ஒருவருக்கும் காட்டாமல் பூட்டி வைப்பான். அந்தப் பிலிம் பூட்டின அறையிலேயே புளித்துச் சுருங்கிப் பாழாகும். கர்ப்பக்கிருகத்துக்கு ஒரு சாவி என்றால் இவனுடைய அலமாரிக்கும் ஒரு சாவி. நமக்கு இரண்டும் ஒன்றே.

அந்தப் படங்களிலும் எல்லாம் யோக்கியம் என்று சொல்ல மாட்டோம். கறுப்பு மனிதரைப் பயங்கொள்ளியாயும் முட்டாளாயும் காட்டிச் சிரிக்க வைத்த இழிவு அவற்றில் ஏராளம். வெள்ளைக்காரனே முகத்தில் கரி பூசிக் கொண்டு நடித்த கேவலமும் உண்டு. நம் தமிழ்ப் படச் சிரிப்பிலும் நொண்டியையும் கறுப்பு நிறத்தையும் தாழ்ந்த ஜாதி என்பதையும் வைத்துச் சிரிக்கச் சொன்ன அக்கிரமம் எத்தனையோ. இவற்றைக் கொளுத்திவிட வேண்டும் என்கின்றார்கள் சிலர். கொளுத்தினால் செய்தவனுக்குத்தான் சௌகரியம். யார் யாரைப் பார்த்து எந்தக் காலத்தில் சிரித்தான் என்பதற்குச் சாட்சி வேண்டும். காட்டுகிறபோது இது இழிவு என்று எழுந்து சொல்ல ஓர் ஆளும் வேண்டும்.

செல்போனில்தான் இருக்கின்றதே என்பதற்கும் பதில் சொல்லிவிடுகின்றோம். செல்போனில் இருப்பது தானாய் முளைக்கவில்லை. எவனோ ஒரு சேகரிப்புக்காரன் பெட்டியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து ஏற்றியதுதான் அது. ஏற்றாதது அங்கே இல்லை. அன்றியும், இருப்பதிலும் பாதி கெடுத்து வைத்திருப்பதாகும். ஊமைப்பட காலத்தில் காமிராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 16 படம், 18 படம் என்று சுற்றியதைப் பிற்காலத்து யந்திரத்தில் 24 படம் வீதம் ஓட்டினால் என்ன ஆகும்? பெரிய பிலிமில் அடிக்கு 16 படம். ஆயிரம் அடிச் சுருள் 16 நிமிஷம் 40 வினாடி ஓட வேண்டியது 11 நிமிஷத்துச் சொச்சத்தில் ஓடி முடிந்துவிடும். மனிதர்கள் சாவி கொடுத்த பொம்மை போல் துள்ளுவார்கள். சிரிப்புக்காகச் சிலர் வேண்டுமென்றே மெதுவாய்ச் சுற்றி எடுத்ததும் உண்டு என்பது வாஸ்தவமே. ஆனால் எங்கே வேண்டுமென்று செய்தான், எங்கே பின்னால் வந்தவன் கெடுத்தான் என்பது மூலச் சுருளை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். நகலுக்கு நகல் எடுத்ததை மாத்திரம் படித்துவிட்டு மூலத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லும் வழக்கத்தினால் இந்த நாடு பட்ட பாடு போதாதா?

ஆதலால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். கீற்றுக் கொட்டகையும் டூரிங் டாக்கீசும் நடத்திய குடும்பங்கள் நம் ஜில்லாவில் இன்னும் இருக்கின்றன. மணலைக் குவித்து உட்கார்ந்து தரை டிக்கெட்டில் படம் பார்த்த கிழவர்கள் இருக்கிறார்கள். கார்பன் குச்சி மாற்றிப் படம் ஓட்டிய ஆப்பரேட்டர்கள் இருக்கிறார்கள். கொட்டகைகள் கல்யாண மண்டபமாயும் சாமான் கிட்டங்கியாயும் மாறியபோது, யந்திரம் காயலான் கடைக்குப் போயிற்று. சுருள்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. கேளுங்கள். பரணில் தகரப் பெட்டி இருந்தால் விளக்கு, பீடி, சிகரெட்டு எதையும் கிட்டே கொண்டு போகாமல் காற்றாட வைத்துத் திறங்கள். காடி நெடி அடித்தால் பிலிம் கெட ஆரம்பித்திருக்கின்றது என்று அர்த்தம். ஆனாலும் தூக்கி எறிய வேண்டாம். ஓட்டிப் பார்க்கின்றேன் என்று யந்திரத்தில் மாட்டிக் கிழிக்கவும் வேண்டாம். முதல் சில கட்டங்களை வெளிச்சத்தில் பார்த்து, என்ன எழுதியிருக்கின்றது என்று குறித்துக் கொண்டு, புனே காப்பகத்துக்கு எழுதுங்கள். அது இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்திருக்கின்றது. பாட்டுப் புத்தகமும் நோட்டீசும் கிடைத்தால் ரோஜா முத்தையா நூலகத்தார் பார்த்துக் கொள்வார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெட்டியில் ஒன்றும் இராது. இருக்கட்டுமே.

இரண்டாவது, படங்களைக் காட்ட வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி சினிமாப் படத்துக்கு உரிமைக் காலம் வெளிவந்த பின் 60 வருஷந்தான். ஆகவே சாப்ளின், கீட்டன் ஊமைப்படங்களுக்கு யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் பின்னாளில் சேர்த்த சங்கீதத்துக்கு உரிமை முடிந்திராது. "தி பில்கிரிம்" படத்துக்குச் சாப்ளின் 1959-ல் சேர்த்த சங்கீதமும் அப்படிப்பட்டதே. அதனால் நஷ்டமில்லை. சத்தத்தை அடைத்துவிட்டு நம் ஊர்த் தவிலையும் பறையையும் ஒரு ஆர்மோனியத்தையும் பக்கத்தில் உட்கார வைத்துவிடலாம். திண்டிவனத்தில் ஒன்றும் விழுப்புரத்தில் ஒன்றுமாய், வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துத் திரையாய்க் கட்டி, கட்டணமில்லாமல் முதலில் "தி பில்கிரிம்" காட்டலாம் என்று சில தோழர்கள் முன் வந்திருக்கின்றார்கள். வாத்தியக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள். எழுத்து அட்டை வரும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் உரக்கச் சொல்ல, குரல் எடுப்பான ஓர் ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை.